பழைய சைக்கிளுக்கு மோட்டார் வைக்கலாமா? கரண்ட் செலவு மாசம் 42 ரூபாய், பேட்டரி செலவு 480 ரூபாய்!



2021-ல மதுரையைச் சேர்ந்த ஒரு கல்லூரி மாணவர் சோலார் பேனல் பொருத்தின மின்சார சைக்கிள் ஒண்ணை உருவாக்கினார். "50 கிலோமீட்டர் போக ஒன்றரை ரூபாய் கரண்ட் போதும்"னு அப்போ செய்திகள்ல வந்துச்சு. அடுத்த வருஷம், 2022 பிப்ரவரில, சாதாரண சைக்கிள்ல மாட்டுற மாதிரி ஒரு மோட்டார் கிட் செஞ்ச குர்சௌரப் சிங்கோட வீடியோவை ஆனந்த் மஹிந்திரா பகிர்ந்தார். அது நாடு முழுக்கப் பரவுச்சு. அதுக்கப்புறம் "வீட்டுல சும்மா கிடக்குற சைக்கிளுக்கு மோட்டார் வச்சா பெட்ரோல் காசு மிச்சம்தானே?"ங்கிற கேள்வி பல பேருக்கு வந்துடுச்சு.

மிச்சம்தான். ஆனா எல்லாருக்கும் இல்ல. எவ்வளவு மிச்சம்ங்கிறதும் அந்த ஒன்றரை ரூபாயை வச்சுத் தெரியாது. ஏன்னா அது கரண்ட் செலவு மட்டும். இந்த வண்டியோட நிஜமான எரிபொருள் பேட்டரி. பெட்ரோலை நாம வாராவாரம் கொஞ்சம் கொஞ்சமா வாங்குறோம். பேட்டரிங்கிறது ரெண்டு வருஷத்துக்கான பெட்ரோலை முன்கூட்டியே மொத்தமா வாங்கி வைக்கிற மாதிரி. இது புரிஞ்சா மீதிக் கணக்கு சுலபம்.

இன்னைக்கு தூத்துக்குடியை வச்சு இந்தக் கணக்கைப் போடுவோம். காரணம் இருக்கு. ஊர் கிட்டத்தட்ட சமதரை. டவுன்ல இருந்து வ.உ.சி. துறைமுகம் சுமார் 10 கிலோமீட்டர். துறைமுகம், அதைச் சுத்தி இருக்குற ஷிப்பிங் ஏஜென்சி, சரக்குக் கிடங்கு, அனல் மின் நிலையம்னு தினமும் ஒரே ரோட்டுல போயிட்டு வர்ற மாசச் சம்பளக்காரங்க நிறைய. கூடவே கடல் காத்து, உப்பு, கன்டெய்னர் லாரின்னு சைக்கிளுக்கு ஆகாத விஷயங்களும் நிறைய. இங்க தேறுற கணக்கு மத்த ஊர்கள்லயும் பெரும்பாலும் தேறிடும்.

சமதரைல மோட்டார் எதுக்கு?

நியாயமான கேள்வி. மேடு இல்லாத ஊர்ல காலாலேயே மிதிச்சுட்டுப் போலாமே?

காலைல போலாம். ஆனி, ஆடில சாயங்காலம் திரும்பி வந்து பாருங்க. மீனவர்கள் கச்சான்னு சொல்ற மேற்குக் காத்து அந்த மாசங்கள்ல விடாம அடிக்கும். துறைமுகம் ஊருக்குத் தென்கிழக்குல இருக்கு. அதனால போகும்போது காத்து முதுகுல தள்ளும், எட்டு மணி நேரம் வேலை பார்த்துட்டு வரும்போது முகத்துல அடிக்கும்.

காத்து இல்லாதப்போ 20 கிலோமீட்டர் வேகத்துல சைக்கிள் ஓட்ட சுமார் 100 வாட் சக்தி போதும். சாதாரணமா சைக்கிள் ஓட்டுற ஒருத்தரால அதைக் கொடுக்க முடியும். அதே வேகத்துல 15 கிலோமீட்டர் எதிர்க்காத்து சேர்ந்துட்டா தேவை 220 வாட்டுக்குப் போயிடும். பழக்கம் இல்லாதவங்களுக்குப் பத்து நிமிஷத்துல மூச்சு வாங்கும். நாலு நாள் பார்த்துட்டு அஞ்சாவது நாள் ஸ்கூட்டர் சாவியை எடுத்துடுவோம்.

மோட்டார் வாங்குறது வேகத்துக்காக இல்ல. அந்த அஞ்சாவது நாளும் சைக்கிள்லயே போகுறதுக்காக. அது நடந்தாதான் போட்ட பணம் திரும்ப வரும்.

முதல்ல ஸ்கூட்டர் கணக்கு

போக 10, வர 10, ஆக 20 கிலோமீட்டர். மாசம் 25 நாள் வேலை. மொத்தம் 500 கிலோமீட்டர்.

- ஸ்கூட்டர் மைலேஜ் 45. மாசம் சுமார் 11.1 லிட்டர். லிட்டர் 100 ரூபாய்னு முழு எண்ணா வச்சுக்குவோம்: 1,110 ரூபாய்.
- ஆயில், சர்வீஸ், டயர் தேய்மானம்: கிலோமீட்டருக்கு 40 பைசா, அதாவது 200 ரூபாய்.

மொத்தம் 1,310 ரூபாய். இன்சூரன்ஸை இதுல சேர்க்கல. ஸ்கூட்டர் வீட்டுல நின்னாலும் அந்தச் செலவு இருக்கத்தான் செய்யும். நிறைய வீடியோக்கள்ல இதையும் மிச்சமாக் காட்டிடுறாங்க. ஸ்கூட்டரை வித்தாதான் அது மிச்சம்.

அடுத்து மோட்டார் சைக்கிள் கணக்கு

அதாவது, மோட்டார் வச்ச சைக்கிள்! கீழ இருக்குற விலை எல்லாம் கணக்குக்காக நான் எடுத்துக்கிட்டது. உங்க கடைக்காரர் சொல்ற விலையைப் போட்டு நீங்க மாத்திக்கோங்க.

- 36 வோல்ட், 250 வாட் ஹப் மோட்டார் கிட் (மோட்டார் பொருத்தின சக்கரம், கன்ட்ரோலர், பெடல் சென்சார், மோட்டாரை நிறுத்துற பிரேக் லீவர்): 10,000 ரூபாய்
- பிரேக், டயர், பேரிங் எல்லாம் மாத்தி சைக்கிளைத் தேத்தி, கிட்டை மாட்டுற கூலி: 2,000 ரூபாய்
- 36 வோல்ட், 10 ஆம்பியர் ஹவர் லித்தியம் பேட்டரி, சார்ஜரோட: 12,000 ரூபாய்

மொத்தம் 24,000. சைக்கிளுக்கு விலை போடல. பிளஸ் ஒன் படிக்கும்போது அரசு கொடுத்த விலையில்லா சைக்கிள் நம்மள்ல பல பேர் வீட்டு மாடிப்படிக்குக் கீழ இன்னும் நிக்குது. அது நல்ல இரும்பு ஃபிரேம். துரு ஏறி வெல்டிங் விட்டுப் போகாம இருந்தா அதுவே போதும்.

இப்ப மாசச் செலவு.

கரண்ட்: நீங்களும் மிதிச்சுக்கிட்டே போனா கிலோமீட்டருக்குச் சுமார் 12 வாட் ஹவர் செலவாகும். 500 கிலோமீட்டருக்கு 6 யூனிட். சார்ஜர்ல வீணாகுறதையும் சேர்த்து 7 யூனிட். யூனிட்டுக்கு 6 ரூபாய் வச்சாலும் 42 ரூபாய்தான்.

இதுல ஒரு சின்ன எச்சரிக்கை. நம்ம மின்வாரிய பில் ரெண்டு மாசத்துக்கு ஒருதடவை. உங்க வீட்டு பில் ஏற்கனவே 490 யூனிட் பக்கத்துல நின்னா, இந்த 14 யூனிட் சேர்ந்து 500-ஐத் தாண்டிடும். தாண்டினா ஸ்லாப் கணக்கே மாறி பில் சட்டுன்னு ஏறும். அப்படி இருந்தா வேற எங்கயாவது ஒரு குண்டு பல்பை எல்.இ.டி.க்கு மாத்தி 14 யூனிட்டை ஈடுகட்டிடுங்க.

பேட்டரி: 36 வோல்ட் × 10 ஆம்பியர் ஹவர் = 360 வாட் ஹவர். அதுல 300-ஐப் பயன்படுத்தினா ஒரு சார்ஜுக்கு 25 கிலோமீட்டர். சாதாரண லித்தியம் பேக் 500 முழு சார்ஜ் வரை தெம்பா இருக்கும்னு வச்சுக்கிட்டா ஆயுசு 12,500 கிலோமீட்டர். நம்ம ஓட்டத்துக்கு அது 25 மாசம். 12,000 ரூபாயை 25-ஆல வகுத்தா மாசம் 480 ரூபாய்.

டயர், டியூப், செயின், பிரேக் கட்டை: மாசம் 100 ரூபாய்.

மொத்தம் 622 ரூபாய். ஸ்கூட்டருக்கு 1,310. வித்தியாசம் 688, சுருக்கமா 690 ரூபாய்.

கரண்ட் 42, பேட்டரி 480. பதினொரு மடங்குக்கு மேல. "கரண்ட் செலவு ஒன்றரை ரூபாய்"ங்கிற விளம்பரத்துல காணாமப் போறது இந்த 480 ரூபாய்தான்.

பேட்டரியைத் தனியா மாசச் செலவுல சேர்த்துட்டதால, போட்ட முதலீடு கிட்டும் ஃபிட்டிங்கும் மட்டும்: 12,000 ரூபாய். அதை 690-ஆல வகுத்தா 17.4 மாசம். கிட்டத்தட்ட ஒன்றரை வருஷத்துல போட்ட காசு கைக்கு வந்துடும். அஞ்சு வருஷம் ஓட்டினா, எல்லாச் செலவும் போக மிச்சம் 29,400 ரூபாய். வாழ்க்கையைப் புரட்டிப் போடுற தொகை இல்ல. ஆனா ஒரு மாசச் சம்பளம் அளவுக்கு வரும். உடம்புக்கு தினமும் ஒரு மணி நேரம் வேலையும் இலவசம்.

லெட் ஆசிட் பேட்டரி மலிவாச்சே?

லித்தியம் விலையைக் கேட்டதும் எல்லாரும் கேக்குற அடுத்த கேள்வி இது. போட்டுப் பார்த்துடுவோம்.

மின்சார வண்டிக்குன்னே வர்ற 12 வோல்ட், 12 ஆம்பியர் ஹவர் லெட் ஆசிட் பேட்டரி மூணு சேர்த்தா 36 வோல்ட். ஒண்ணு 1,600 ரூபாய்னா மூணும் 4,800. எடை சுமார் 12 கிலோ. தினமும் 20 கிலோமீட்டர்னா பேட்டரில 60 சதவீதம் காலியாகும். அந்த அளவுக்கு தினமும் காலி பண்ணினா 250 நாள் வேலை செய்யும்னு எடுத்துக்குவோம். 250 நாள்னா 10 மாசம். 4,800-ஐ 10-ஆல வகுத்தா...

480 ரூபாய்!

அதே தொகை. மலிவுன்னு நினைச்சது மலிவு இல்ல, சின்னத் தவணை. பெட்ரோல் பங்க்ல மொத்தமா டேங்க் நிரப்பாம 200 ரூபாய்க்குப் போடுற மாதிரி.

அப்ப லெட் ஆசிட் வேஸ்ட்டா? இல்ல. பட்ஜெட் டைட்டா இருக்குறவங்களுக்கு அதுல ஒரு நல்ல வழி இருக்கு. சைக்கிள்ல ஆபீஸ் போற பழக்கம் நமக்கு ஒட்டுமா ஒட்டாதான்னு முன்கூட்டியே தெரியாது. தெரியாத விஷயத்துல 24,000 போடுறதைவிட 16,800 போடுறது நல்லது. பழக்கம் ஒட்டலைன்னா நஷ்டம் குறைவு. ஒட்டிடுச்சுன்னா இதைப் பண்ணுங்க:

மாசம் மிச்சமாகுற 690, பேட்டரிக்காக எடுத்து வைக்க வேண்டிய 480, ரெண்டையும் சேர்த்து 1,170 ரூபாயைச் சம்பளம் வந்த அன்னைக்கே ஒரு ஆர்.டி.ல போட்டுடுங்க. 10 மாசத்துல 11,700, கூட கொஞ்சம் வட்டி. லெட் ஆசிட் பேட்டரி மூச்சை நிறுத்துற நேரத்துல லித்தியம் பேட்டரிக்கான பணம் கிட்டத்தட்ட முழுசா ரெடி. அதைச் சம்பாதிச்சுக் கொடுத்தது அந்தச் சைக்கிளே. பழைய லெட் பேட்டரியை எடைக்குப் போட்டாலும் கொஞ்சம் வரும்.

ஒரே ஒரு விஷயம் மறக்கக் கூடாது. பேட்டரி மாறினா சார்ஜரும் மாறணும். லெட் ஆசிட் சார்ஜர்ல லித்தியம் பேட்டரியைச் சார்ஜ் பண்ணவே கூடாது.

காசைவிடப் பெரிய விஷயம்: தீ

2022 மார்ச்சுல வேலூர்ல, வீட்டுல ராத்திரி சார்ஜ்ல போட்டிருந்த புது மின்சார ஸ்கூட்டர் தீப்பிடிச்சுது. புகைல மூச்சுத் திணறி ஒரு தந்தையும் மகளும் இறந்துபோனாங்க. அந்த வருஷம் அடுத்தடுத்து நடந்த தீ விபத்துகளுக்கு அப்புறம்தான் மின்சார வண்டி பேட்டரிகளுக்கான பாதுகாப்பு விதிகள் கடுமையாச்சு.

பட்ஜெட் குறைவுன்னா எதுல வேணும்னாலும் குறைங்க, பேட்டரில குறைக்காதீங்க. பழைய லேப்டாப் செல்லைப் பிரிச்சு, நீல பிளாஸ்டிக் சுத்தி, "36 வோல்ட், பாதி விலை"ன்னு விக்கிற பேக் வேண்டவே வேண்டாம். அதுல எந்த செல் எப்போ சூடாகும்னு செஞ்சவருக்கே தெரியாது. வாங்கும்போது கேக்க வேண்டியது மூணு:

1. செல் புதுசா? எந்தக் கம்பெனி செல்? பில்லுல எழுதிக் கொடுப்பீங்களா?
2. பேட்டரியைக் கட்டுப்படுத்துற பி.எம்.எஸ். போர்டு உள்ள இருக்கா? எத்தனை ஆம்பியர்?
3. வாரன்டி எத்தனை மாசம்? ரிப்பேர் இங்கயா, இல்ல டெல்லிக்கு பார்சல் அனுப்பணுமா?

மூணாவது கேள்விக்கு "அனுப்பணும்"னு பதில் வந்தா யோசிங்க. பெரிய லித்தியம் பேட்டரியைக் கூரியர்ல அனுப்புறது லேசான வேலை இல்ல.

வீட்டுல சார்ஜ் போடுறப்போ முழிச்சிருக்குற நேரத்துல போடுங்க. வாசலை மறிச்சோ, மாடிப்படிக்குக் கீழயோ வேண்டாம். தீ பிடிச்சா வெளிய ஓட வேண்டிய வழி அதுதான். வெயில்ல நின்னு கொதிச்ச பேட்டரியை அரை மணி நேரம் ஆறவிட்டு அப்புறம் சார்ஜ்ல மாட்டுங்க. லித்தியம் பேட்டரியைச் சீக்கிரம் கிழடாக்குறதுல தூத்துக்குடி வெயிலுக்கும் பங்கு உண்டு. நிழல்ல நிறுத்துறதுகூட ஒரு சேமிப்புதான்.

சட்டம் என்ன சொல்லுது?

மத்திய மோட்டார் வாகன விதிகள் 1989-ன்படி, மோட்டார் சக்தி 250 வாட்டுக்குள்ள, வேகம் 25 கிலோமீட்டருக்குள்ள இருந்தா அது மோட்டார் வாகனம் இல்ல. லைசென்ஸ், பதிவு எண், இன்சூரன்ஸ் எதுவும் கட்டாயம் இல்ல. பெடல் அசிஸ்ட் சைக்கிள்னா 25-ஐத் தொடும்போதோ, மிதிக்கிறதை நிறுத்தும்போதோ மோட்டார் தானா நிக்கணும். இதை அரசு அங்கீகரிச்ச சோதனை நிறுவனம் பார்த்துச் சான்று கொடுத்திருக்கணும்ங்கிறதும் விதில இருக்கு. அதனால "ஏ.ஆர்.ஏ.ஐ. இல்லன்னா ஐகேட் சான்று இருக்கா?"ன்னு கேட்டு, இருக்குற கிட்டை வாங்குங்க.

"500 ரூபாய் கூடப் போட்டா 350 வாட் தர்றேன், 40-ல பறக்கும்"னு கடைல சொல்லுவாங்க. வேண்டாம். அந்த நிமிஷமே உங்க சைக்கிள் பதிவு இல்லாத, இன்சூரன்ஸ் இல்லாத மோட்டார் வாகனம் ஆகிடும். யார் மேலயாவது மோதிட்டா நஷ்ட ஈடு உங்க பாக்கெட்ல இருந்துதான் போகும். 500 ரூபாய்க்கு எடுக்குற ரிஸ்க் இல்ல இது.

சட்டப்படி ஓட்டினாலும் உங்களுக்கான காப்பீடு தனியா வேணும். பிரதமரோட சுரக்ஷா பீமா திட்டத்துல வருஷத்துக்கு 20 ரூபாய்தான். 18 வயசுல இருந்து 70 வரை சேரலாம். விபத்துல உயிர் போனா குடும்பத்துக்கு 2 லட்சம். சம்பள அக்கவுன்ட் இருக்குற பேங்க்லயே சேர்ந்துடலாம். இது போதாதுதான், ஆனா சும்மா இருக்குறதுக்கு இது எவ்வளவோ மேல்.

உப்பு, மழை, லாரி: ஊருக்கு ஏத்த செலவு

மேல ஃபிட்டிங்குக்கு 2,000 ரூபாய் ஒதுக்கினோம்ல? அதுல ஒரு ரூபாயும் குறைக்காதீங்க. ஏன்னா தூத்துக்குடி ரோடு அப்படி.

பிரேக்: பழைய ராட் பிரேக்கோட மோட்டார் மாட்டக் கூடாது. மழைல ரிம் நனைஞ்சா அது பிடிக்காது. துறைமுக ரோட்டுல முன்னாடி போற கன்டெய்னர் லாரி திடீர்னு நின்னா 25 கிலோமீட்டர் வேகத்துல அது உயிர்ப் பிரச்னை. ரெண்டு சக்கரத்துக்கும் நல்ல பிரேக், பிடிச்ச உடனே மோட்டார் நிக்கிற லீவர், பின்னாடி சிவப்பு லைட், ஒளிரும் பட்டை, ஹெல்மெட். ஹெல்மெட் சட்டத்துக்காக இல்ல, தலைக்காக.

ஆக்சில்: ஹப் மோட்டார் முறுக்கும்போது ஆக்சில் ஃபோர்க்கை விட்டுச் சுத்திட்டு வெளிய வரப் பார்க்கும். அதைத் தடுக்குற டார்க் ஆர்ம்ங்கிற இரும்புத் தகட்டைக் கேட்டு மாட்டுங்க. அலுமினிய ஃபோர்க், ஷாக் அப்சார்பர் ஃபோர்க் இருக்குற சைக்கிள்ல முன் சக்கர மோட்டாரைத் தவிர்க்குறது நல்லது. பின் சக்கர மோட்டார்னா கிட் ஆர்டர் போடுறதுக்கு முன்னாடி பின் ஃபோர்க்கோட உள் அகலத்தை ஸ்கேல் வச்சு அளந்து கடைக்காரருக்கு அனுப்புங்க. பழைய சிங்கிள் ஸ்பீட் சைக்கிள்கள்ல அந்த அகலம் கம்மியா இருக்கும். வாங்கின அப்புறம் பொருந்தலைன்னா திருப்பி அனுப்புற செலவு நம்ம தலைல.

உப்பு: உப்பளம், கடல், ரெண்டும் பக்கத்துல. ஒயர் இணைப்புகள்ல பச்சை பூத்து மோட்டார் விட்டு விட்டு ஓடும். நிறைய பேர் மோட்டார் போச்சுன்னு நினைச்சு மாத்துறாங்க. மாட்டும்போதே எல்லா கனெக்டர்லயும் டைஎலக்ட்ரிக் கிரீஸ் தடவி, நட்டு போல்ட்டை ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்ல போடுங்க. வாரம் ஒருதடவை நல்ல தண்ணிய துணில நனைச்சுத் துடைச்சு, செயினுக்கு எண்ணெய். வாட்டர் சர்வீஸ் பிரஷர் பம்ப் கூடாது.

மழை: 2023 டிசம்பர் 17, 18-ஐ இந்த ஊர் மறக்காது. காயல்பட்டினத்துல 24 மணி நேரத்துல 95 சென்டிமீட்டர் மழை. தூத்துக்குடி தெருக்கள்ல நாள்கணக்குல தண்ணி. ஹப் மோட்டார் சாதாரண மழையைத் தாங்கும், முங்குறதைத் தாங்காது. அச்சு மூழ்குற தண்ணில இறக்காதீங்க. பேட்டரியைக் கழட்டி எடுக்குற மாதிரி மாட்டினா, ஐப்பசி கார்த்திகைல அதை வீட்டுக்குள்ள உயரமான இடத்துல வைக்கலாம். பாதி விலை பேட்டரிலதான் இருக்கு, அதைக் காப்பாத்தினா பாதி வண்டி தப்பிச்ச மாதிரி.

கச்சான்: முன்னாடி போட்ட 25 கிலோமீட்டர் ரேஞ்ச் சராசரிக் கணக்கு. எதிர்க்காத்து நாள்ல திரும்பி வர்ற 10 கிலோமீட்டருக்கு மட்டுமே 180 வாட் ஹவர் வரை போகலாம். போகும்போது ஆன 100-ஐச் சேர்த்தா 280. நம்மகிட்ட இருக்குறது 300. அந்த மாசங்கள்ல வேகத்தை 18-க்குக் குறைங்க, நல்லா மிதிங்க. ஆபீஸ்ல சார்ஜ் போட முடியும்னா அனுமதி கேட்டுப் போடுங்க. துறைமுகப் பாதுகாப்பு எல்லைக்குள்ள வேலை பார்க்குறவங்க கேக்காம பிளக்ல மாட்டாதீங்க.

எப்படிப் பணம் கட்டுறது?

இந்த ஊர்ல 1906-ல வ.உ.சி. சுதேசிக் கப்பல் கம்பெனி ஆரம்பிச்சப்போ, அவரை ஒழிக்க பிரிட்டிஷ் கம்பெனி கொழும்பு டிக்கெட் விலையைக் குறைச்சுக்கிட்டே போய், கடைசில இலவசப் பயணம், கூட ஒரு குடையும் தர்றோம்னு சொன்ன கதை நமக்கெல்லாம் தெரியும். இலவசக் குடைக்குப் பின்னாடி ஒரு கணக்கு இருந்துச்சு. "நோ காஸ்ட் இ.எம்.ஐ."ன்னு வர்ற ஆஃபருக்குப் பின்னாடியும் ஒரு கணக்கு இருக்கும். பிராசசிங் ஃபீஸ், அதுக்கு ஜி.எஸ்.டி., ரொக்கமா கொடுத்தா கிடைச்சிருக்க வேண்டிய தள்ளுபடி, இதெல்லாம் சேர்த்துப் பாருங்க.

கிரெடிட் கார்டு பாக்கி வட்டி மாசத்துக்கு 3 சதவீதத்துக்கு மேல போகும். 16,800 ரூபாயை அப்படி இழுத்தா முதல் மாச வட்டியே 504 ரூபாய். நம்ம மொத்த மிச்சமே 690தான்! ஆறு மாசம் 2,800 ரூபாய் சேர்த்து, ரொக்கமா வாங்குங்க. அந்த ஆறு மாசமும் மோட்டார் இல்லாமலே வாரத்துக்கு ரெண்டு நாள் சைக்கிள்ல ஆபீஸ் போய்ப் பாருங்க. பழக்கம் ஒட்டுமான்னு தெரிஞ்சுக்க இதைவிட மலிவான சோதனை இல்ல.

யாருக்கு இது வேண்டாம்?

- தூரம் 3 கிலோமீட்டருக்குள்ள இருந்தா: சாதாரண சைக்கிள் போதும். 500 ரூபாய்க்கு ஓவர்ஹாலிங் பண்ணி ஓட்டுங்க.
- வாரத்துல மூணு நாள்தான் ஆபீஸ்னா: மாசம் 240 கிலோமீட்டர்தான் வரும். பேட்டரி ஓடலைன்னாலும் வயசாகும். மூணு வருஷம் அதோட ஆயுசுன்னு வச்சா மாச மிச்சம் 230 ரூபாய் அளவுதான், போட்ட காசு வர நாலு வருஷத்துக்கு மேல ஆகும். விடுங்க.
- அந்த ரூட்ல சாதாரணக் கட்டண டவுன் பஸ் ஓடுது, நீங்க பெண்: 2021 மே மாசத்துல இருந்து டிக்கெட்டே இல்ல. காசு மிச்சம்ங்கிற காரணத்துக்காக மட்டும்னா பஸ்ஸை எந்தக் கிட்டும் ஜெயிக்க முடியாது.
- நைட் ஷிப்ட், லாரி நெரிசல் ரோடு, தெருவிளக்கு இல்லைன்னா: 690 ரூபாய்க்காக அந்த ரிஸ்க் வேண்டாம்.

யாருக்கு இது ரொம்பவே லாபம்?

வீட்டுல ஏற்கனவே ஒரு ஸ்கூட்டர் இருக்கு, தம்பிக்கு வேலை கிடைச்சுடுச்சு, இல்ல கல்யாணம் ஆகி ரெண்டு பேரும் வேலைக்குப் போறீங்க, ரெண்டாவது வண்டி வாங்கலாமான்னு யோசிக்கிறீங்க. நிஜ லாபம் இங்கதான் இருக்கு. ஒரு லட்ச ரூபாய் ஸ்கூட்டர், 15,000 முன்பணம், மீதி 85,000-க்கு 11 சதவீத வட்டில மூணு வருஷக் கடன்னா மாசத் தவணை சுமார் 2,800 ரூபாய். பெட்ரோல், சர்வீஸ், இன்சூரன்ஸ் தனி. அந்த வண்டியை வாங்காம இருக்குறதுக்கு இந்தச் சைக்கிள் உதவினா, மிச்சம் 690 இல்ல, மாசம் 3,000-க்கு மேல. போட்ட 16,800 ஆறே மாசத்துல திரும்பிடும்.

அதனால கிட் தேடுறதுக்கு முன்னாடி இந்த வாரம் ஒரு சின்ன வேலை பண்ணுங்க. ஸ்கூட்டர் ஓடோமீட்டரைத் திங்கட்கிழமை காலைலயும் சனிக்கிழமை ராத்திரியும் போன்ல போட்டோ எடுத்துக்கோங்க. அந்தக் கிலோமீட்டர்ல சைக்கிளுக்கு நிஜமா மாத்த முடிஞ்சது எவ்வளவுன்னு பாருங்க. மழை, லக்கேஜ், பின்னாடி உக்கார ஆள் இருக்குற நாள் எல்லாத்தையும் கழிச்சுடுங்க. மீதி வர்றதை நாலால பெருக்குங்க. மாசம் 400 கிலோமீட்டருக்கு மேல வந்தா, மாடிப்படிக்குக் கீழ நிக்கிற சைக்கிளை வெளிய எடுத்துத் தூசி தட்டலாம். அதுக்குக் கீழ வந்தா, கிட்டுக்கு வச்ச பணம் ஆர்.டி.லயே இருக்கட்டும்.

கணக்கு போட்டு வேண்டாம்னு முடிவு பண்றதும் சேமிப்புதான் நண்பர்களே.